டீமேக்கரின் காற்றுப்பெட்டி

1987ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பதினொன்றாம் தேதி, உடப்புசல்லாவைக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் ஒரு டிரையர் நிறையத் தேயிலை கருகியது.

அப்போது டீமேக்கர் சூசைரட்ணம் டிரையருக்கு எதிரே மர முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பதம் பார்க்கக் கையில் எடுத்த தேயிலைத் தூள் விரல்களுக்கிடையே வழிந்து தரையில் கிடந்தது. புகை மணம் மேல்தளத்தில் கொழுந்து பரப்பிக்கொண்டிருந்த பெண்கள் வரை போன பிறகும் அவர் எழவில்லை. விறகு பார்க்க வெளியே போயிருந்த டிரையர்காரர் அழகுமுத்து ஓடிவந்து தீயை அடக்கிவிட்டு, அதன் பிறகுதான் அவருடைய தோளைத் தொட்டார்.

கொழுந்து தொழிற்சாலைக்குள் நுழைவது முதல் தேயிலையாகப் பெட்டிக்குள் போவது வரை எல்லாவற்றுக்கும் டீமேக்கர்தான் பொறுப்பு. சூசைரட்ணம் அந்த வேலையில் மூத்தவர். ஊசிமலைத் தேயிலைக்குக் கொழும்பில் நல்ல பெயர் இருந்தது என்றால் அதில் அவருடைய மூக்குக்கும் விரல்களுக்கும் பங்கிருந்தது. ஆனால் கடைசி மூன்று நான்கு வருடங்களாக அவர் உட்கார்ந்த இடத்தில் தூங்கினார். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கினார். ஞாயிறு பூசையில் முழங்காலில் இருந்தபடி தூங்கி முன் பெஞ்சில் நெற்றியை இடித்துக்கொண்டார். வாயில் மதுவை வைக்காத மனிதர் குடிக்கிறார் என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பேச்சு பரவியது. ரோலரில் கசக்குவதற்கு முன் கொழுந்தை வாட்டும் மேல்தளத்தில் வேலை செய்த ராசம்மா, "ஐயாவும் கொழுந்தோட சேந்து வாடுறாரு, அவரையும் ரோலர்ல போட்டுறாதீங்கப்பா" என்று சொன்னது தோட்டம் முழுக்கச் சுற்றி அவர் காதுக்கே வந்தது. அவரும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் கண் செருகியது.

தோட்டத்தை நிர்வகித்த பெரிய தொரை அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கடிந்துகொள்ளவில்லை. இந்தத் தடவை மேலிடத்துக்கு ஈரக் கொழுந்தின் மேல் பழியைப் போட்டு எழுதியிருப்பதாகவும், இன்னொரு தடவை நடந்தால் அப்படி எழுத முடியாது என்றும் சிங்களத்தில் சொன்னார். அதற்குப் பொருள் முன்கூட்டியே ஓய்வு என்பதும், ஓய்வு என்றால் ஒரு மாதத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்பதும் இருவருக்கும் தெரியும்.

ஈஸ்டருக்கு சிட்னியிலிருந்து தங்கை டோரீன் வந்தாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். பெரிய வெள்ளிக்கிழமை மதியம் அண்ணன் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவருடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறட்டை ஏறியது. ஏறிக்கொண்டே போய் அப்படியே நின்றது. நெஞ்சு எழும்ப முயன்றது, காற்று உள்ளே போகவில்லை. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுப்பவரைப் போல ஒரு பெரிய இழுப்பு. மறுபடி குறட்டை.

டோரீன் குசினியிலிருந்த அண்ணியைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, இங்க வந்து பாருங்க. மூச்சு நிக்குது."

மார்கிரட் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "அது எப்பவும் அப்படித்தான். நின்னு நின்னுதான் வரும். பக்கத்து வீட்டுக் கிளார்க்கர் கேப்பாரு, தேயிலை ஸ்டோர்ல மெஷின் நின்ன பெறகும் உங்க வீட்ல ரோலர் ஓடுதேன்னு."

"அண்ணன் ராத்திரியில தூங்கவே இல்ல அண்ணி. நீங்க தூங்குறாருன்னு நெனைக்கிறீங்க. மூச்சு முட்டி முட்டி முழிக்கிறாரு, முழிச்சது அவருக்கே தெரியாது. அதான் பகல்ல விழுறாரு."

மார்கிரட் கணவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது வருடங்களுக்கு மேல் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தவள் அவள். நல்ல தூக்கத்தின் சத்தம் அதுதான் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

தொண்டையின் உட்சதை தூக்கத்தில் தளர்ந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடுகிறது என்று டோரீன் விளக்கினாள். மருந்து இல்லை. ஆனால் அவள் வேலை செய்யும் ஊரில் புதிதாக ஒரு இயந்திரம் வந்திருந்தது. மூக்கின் மேல் ஒரு மூடியைக் கட்டிக்கொண்டு படுத்தால் அது இரவு முழுக்கக் காற்றைத் தள்ளி அந்த அடைப்பைத் திறந்து வைத்திருக்கும். திரும்பிப் போனதும் அங்கே ஒரு மருத்துவரிடம் அண்ணனைப் பற்றிச் சொல்லி, பழைய இயந்திரம் ஒன்றை வாங்கினாள். கண்டியில் ஒரு கன்னியர் மடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த சிஸ்டர் ஒருவர் ஜூலையில் அதைத் தன் சாமான்களோடு கொண்டுவந்தார்.

அது ஒரு தையல் மெஷின் தலையளவுக்கு இருந்தது. கனமான பெட்டி, உள்ளே விசிறி, யானைத் தும்பிக்கை போல மடிப்பு மடிப்பாக ஒரு குழாய். பெட்டியின் பக்கத்தில் ஒரு திருகும் அதைச் சுற்றிச் சிவப்புக் கோடுகளும் இருந்தன. காற்றைக் கூட்டவும் குறைக்கவும் அந்தத் திருகுதான். நடுக்கோட்டில் வைத்து அனுப்பியிருந்தார்கள். சூசைரட்ணம் அதற்குக் காற்றுப்பெட்டி என்று பெயர் வைத்தார்.

தோட்டத்தில் மின்சாரம் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸுகளுக்கும் மட்டும் இருந்தது. லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கு. மார்கிரட் முதல் நாளே யோசித்துப் பார்த்தாள். பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறது. குவார்ட்டர்ஸ் வேலையோடு வந்தது. அவர் பகலில் விழித்திருந்தால்தான் வேலை. பெட்டி வேலை செய்தே ஆக வேண்டும்.

முதல் வாரம் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. காலையில் தலைவலி இல்லை என்றார். ஆனால் பத்து மணிக்குக் கண் கனத்தது, மத்தியானம் சோற்றுத் தட்டின் முன்னால் தலை தொங்கியது. ஆகஸ்ட்டிலும் அப்படியே. இயந்திரத்தின் இரைச்சலுக்கு அடியில் குறட்டை இன்னும் கேட்பதாக மார்கிரட்டுக்குத் தோன்றியது. பெட்டி வந்தும் டீமேக்கர் தூங்குகிறார் என்ற செய்தி பங்களா வரை போயிருந்தது.

அவள் நுவரெலியா தபால் கந்தோருக்குப் போய், அரை நாள் பெஞ்சில் காத்திருந்து, டோரீனுக்கு டெலிபோன் போட்டாள். டோரீன் விவரம் கேட்டு வைத்துக்கொண்டு, மறு வாரம் அதே நாளில் மறுபடி எடுக்கச் சொன்னாள். மறு வாரம் அவளுடைய குரல் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணி, நீங்க சொன்னத டாக்டர்கிட்ட சொன்னேன். அவங்க இருக்கிற எடம் எவ்வளவு ஒசரம்னுதான் முதல்ல கேட்டாரு. ஒசரத்துல காத்து மெலிசு. இங்க கடல் பக்கத்துல வச்ச கோட்டுல அங்க தள்ளு பத்தாது. நான் பொறந்து வளந்த மலை அண்ணி. சொல்லணும்னு தோணவே இல்ல."

திருகை ஒரு கோடு ஏற்றச் சொன்னாள். குறட்டை நிற்காவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு கோடு. மூக்கும் தொண்டையும் உலரும், முகத்தில் அடிப்பது போல இருக்கும், பழகிவிடும் என்றாள்.

அன்று சாயந்தரம் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு மார்கிரட் அதை அப்படியே கணவரிடம் சொன்னாள். உயரத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் தலையாட்டினார். உயரத்தில் விசிறியின் தள்ளு குறையும் என்பது அவருக்குப் புதிதல்ல. ஊசிமலைக்கு வாட்டும் தொட்டிகளைப் பொருத்தியபோது பெரிய விசிறி வேண்டும் என்று கேட்டு வாங்கியவரே அவர்தான். ஆனால் திருகை ஏற்றுவது என்றதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

பச்சைக் கொழுந்தை வாட்டுவதில்தான் மலைநாட்டுத் தேயிலையின் மணம் இருக்கிறது. தொட்டியில் கம்பிவலையின் மேல் கொழுந்தைப் பரப்பி அடியிலிருந்து காற்றை விடுவார்கள். கீழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் காற்றை வேகமாக அடித்துச் சீக்கிரம் வாட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் இலையின் மேல்புறம் காய்ந்து போகும், உள்ளே ஈரம் நிற்கும், மணம் வராது. வாடவில்லை என்றால் காற்றைக் கூட்டாதே, நேரத்தைக் கூட்டு என்பதை வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சூசைரட்ணம் சொல்லிக் கொடுத்திருந்தார். அதைக் கேட்காமல் விசிறியைத் திருகியவர்களை அவர் வேலையிலிருந்தே மாற்றியிருக்கிறார்.

"டோரீனுக்கு ஊசி போடத் தெரியும்" என்றார். "காத்தைப் பத்தி எனக்குத் தெரியும். காத்து மெலிசுன்னா நேரத்தைக் கூட்டணும். நான் வெள்ளனா படுத்துக்கிறேன்."

"நீங்க என்ன கொழுந்தாங்க?"

"தொண்டை காஞ்சு சருகாப் போவுது மார்கிரட். இப்ப இருக்கிறதே கூட."

அவள் விடவில்லை. இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தாள். மூன்றாவது நாள் அவர் சரி என்றார். அன்று மார்கிரட்டே திருகை ஒரு கோடு ஏற்றினாள், பிறகு ஒவ்வொரு மாலையும் விளக்கு வைத்ததும் அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். செப்டம்பரில் இன்னொரு கோடு ஏற்றினாள். இரைச்சலில் நீ எதற்குக் கண் விழிக்கிறாய் என்று அவர் சொன்னதால் முன் அறையில் படுத்துக்கொண்டாள். சூசைரட்ணமும் சொன்னபடி முன்னதாகவே படுக்கைக்குப் போனார். ஆனாலும் தூக்கம் தீரவில்லை. இரண்டாவது கோட்டுக்குப் பிறகு அது முன்பைவிட மோசமாகவே இருந்தது. இந்தப் பெட்டி இவருக்குச் சரிவராது என்று மார்கிரட் நினைக்கத் தொடங்கினாள். குருசுமலைக்கு நேர்ந்துகொண்டாள்.

ஒக்டோபர் மாதம் மழை நாளொன்றில் டிரையர் மறுபடி புகைந்தது. இந்த முறை தீப்பிடித்தது. சூசைரட்ணம் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கியிருந்தார். அழகுமுத்து எரியும் தட்டுகளைக் கையால் இழுத்து வெளியே தள்ளினார். அவருடைய வலது முன்கை முழங்கை வரை வெந்துபோனது. தோட்ட மருந்தகத்தில் கட்டுப் போட்டு, லொறியில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். லொறியில் ஏறும்போது அழகுமுத்து டீமேக்கரைப் பார்த்து, "ஒண்ணுமில்லீங்கய்யா, நீங்க போய்ப் படுங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

சூசைரட்ணம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவரிடமிருந்து சாம்பல் மணம் வந்தது. மார்கிரட் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"நீ பாத்துட்டுப் போன பெறகு நான் எறக்கிருவேன்" என்றார்.

மார்கிரட்டுக்கு முதலில் புரியவில்லை.

"திருகை. தெனமும். நீ ரெண்டாவது கோடு ஏத்தினப்ப, நான் நடுக்கோட்டுக்கும் கீழ எறக்கிட்டேன். காலையில நீ எந்திரிக்கிறதுக்கு முன்னால திரும்ப ஏத்தி வச்சிருவேன்."

"ஏங்க?"

"காத்து மூஞ்சில அடிக்கும்போதெல்லாம் எனக்குக் கொழுந்துதான் ஞாபகம் வரும். காய விடக் கூடாது, மெதுவாப் போவட்டும்னு கை தானாப் போவும்." தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, "அழகுமுத்துவோட கை..." என்று தொடங்கி நிறுத்தினார்.

மார்கிரட் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. தண்ணீர் ஆறுவதற்குள் அவருடைய கைகளைத் தானே கழுவிவிட்டாள். அன்றைக்கு மாலை அவள் திருகை நடுக்கோட்டிலிருந்து இரண்டு கோடுகள் மேலே வைத்து, அதன் மேல் துணிப் பட்டியைச் சுற்றி இறுக்கித் தைத்துவிட்டாள். தன் பாயை அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டாள்.

மறுநாள் காலையில் அவர் எழுந்தபோது மார்கிரட் முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கதவருகே வந்து நின்று நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே மலையில் தேயிலைச் செடிகளைப் புதிதாகக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். எப்போது வெட்டினார்கள் என்று கேட்டார். அதற்கு மூன்று வாரம் ஆகிவிட்டது என்றாள். பிறகு அவளைப் பார்த்து, "உனக்கு இவ்வளவு நரைச்சிருச்சா?" என்றார்.

"நரைச்சு நாலு வருசமாச்சு. நீங்க இப்பத்தான் பாக்குறீங்க."

அந்த வாரம் அவர் பகலில் ஒரு முறைகூடத் தூங்கவில்லை. வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததால் தூங்குவதற்குத் தடையும் இல்லை, ஆனாலும் தூங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய் அழகுமுத்துவின் கட்டில் பக்கத்தில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடந்ததை மறைக்காமல் அவரிடம் சொன்னார். அழகுமுத்து கூரையைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, "கொழுந்தா இருந்தா நீங்க செஞ்சது சரிதாங்கய்யா" என்றார்.  பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும் வரை சூசைரட்ணம் எழவில்லை.

பெரிய தொரையைப் பார்க்கவும் போனார். நின்றபடியே இயந்திரத்தைப் பற்றியும் திருகைப் பற்றியும் உயரத்தைப் பற்றியும் ஒழுங்காகச் சொன்னார். இனி நடக்காது என்றார், ஒரு பருவம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கேட்டார். தொரை அவரைக் கூர்ந்து பார்த்தார். இப்படித் தெளிவாக சூசைரட்ணம் பேசி அவர் கேட்டதில்லை. நம்புகிறேன் என்றார். ஆனால் ஒருவர் காயப்பட்டிருக்கிறார், தீ விபத்து நடந்த அன்றே அறிக்கை போய்விட்டது, இனி அது தன் மேசைக்குத் திரும்பாது என்றும் சொன்னார். உட்காரச் சொன்னார். சூசைரட்ணம் உட்காரவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் ஓய்வு உத்தரவு வந்தது. மாத இறுதிக்குள் குவார்ட்டர்ஸைப் புதிய டீமேக்கருக்கு ஒப்படைக்க வேண்டும்.

அந்த மாதம் அவர் நன்றாகத் தூங்கினார். மாலை நேரங்களில் இருவரும் முன் அறையில் உட்கார்ந்து பேசினார்கள். மார்கிரட் கடந்த சில வருடங்களில் சொல்லி, அவர் தூக்கத்தில் கேட்காமல் விட்ட விஷயங்களையெல்லாம் மறுபடி சொன்னாள். அவளுடைய தம்பி இந்தியக் குடியுரிமைச் சீட்டு கிடைத்து ஒரேயடியாக இந்தியாவுக்குப் போனதற்கு முந்தைய நாள் வந்து விடைபெற்றது அவருக்கு நினைவிலேயே இல்லை. நான் அப்போது என்ன செய்தேன் என்று கேட்டார். தலையாட்டினீர்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் முழுவதையும் கேட்டுவிட்டு வந்து, சாமியார் ஒரே பிரசங்கத்தைத்தான் வருசா வருசம் வைக்கிறார் போல என்றார். மார்கிரட் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பகலில் வீடு தேடினார். மின்சாரம் உள்ள வீடு வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. நானுஓயாவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். சொந்தக்காரர் நல்லபடியாகத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு தமிழ் ஆட்களுக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது, கல் விழுந்தால் தன் வீட்டில்தானே விழும் என்றார். நுவரெலியாவில் கேட்ட இடங்களிலும் ஏதோ ஒரு காரணம் இருந்தது. மிஞ்சியது இறம்பொடையில் மார்கிரட்டின் அப்பா விட்டுப்போன வீடு. அருவிக்கு மேலே, ரோட்டிலிருந்து உள்ளே ஏறிப் போக வேண்டும். மின்கம்பி ரோட்டோடு நின்றிருந்தது. கம்பி இழுக்க விண்ணப்பம் கொடுத்தார். பட்டியல் நீளமானது, காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

லொறியில் சாமான் ஏற்றும் நாளில் அழகுமுத்து கட்டுப் போட்ட கையோடு வந்தார். ஒற்றைக் கையால் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். காற்றுப்பெட்டியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. சுற்றி வந்து பார்த்துவிட்டு, "லொறி பெட்டரியில ஓடாதுங்களா?" என்று கேட்டார். அதைப் பற்றி ஏற்கெனவே ரேடியோ திருத்துபவரிடம் விசாரித்துவிட்டதாகவும் முடியாது என்று சொல்லிவிட்டதாகவும் சூசைரட்ணம் சொன்னார்.

"அப்ப அங்க என்னங்கய்யா செய்வீங்க?"

"எறம்பொடை இங்கயவிடக் கீழதானே" என்றார் சூசைரட்ணம். "காத்து கொஞ்சம் கனமா இருக்கும்."

இருவரும் அதற்குச் சிரிக்க முயன்றார்கள். மார்கிரட் பெட்டியைப் பழைய கம்பளியில் சுற்றி, தன் மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள். திருகின் மேல் தைத்த துணிப் பட்டியை அவள் பிரிக்கவில்லை.

இறம்பொடைக்குப் போன சில நாட்களிலேயே அவருடைய தலைவலி திரும்பியது. கிறிஸ்மஸுக்குள் பகல் தூக்கமும் திரும்பியது. மார்கிரட் அவருடைய தலைக்கும் தோளுக்கும் கீழே தலையணைகளை அடுக்கிப் பார்த்தாள், ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுப் பக்கம் மரக்கட்டையை வைத்துப் பார்த்தாள். மூச்சு நிற்கும்போதெல்லாம் தட்டி எழுப்பினாள். சில மாதங்களில் அவளும் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கத் தொடங்கினாள்.

மின்சாரத்துக்கான விண்ணப்பத்தைப் பற்றி அவர் இரண்டு தடவை நேரில் போய் விசாரித்தார். மூன்றாவது தடவை பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கண்டி வரை போய்விட்டார். அதன் பிறகு மார்கிரட் அவரைத் தனியாக வெளியே அனுப்பவில்லை.

1988ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போவதற்காக மார்கிரட் அவரை எழுப்பினாள். சூசைரட்ணம் எழவில்லை. மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதினார்கள். அடக்கத்துக்கு ஊசிமலையிலிருந்து அழகுமுத்துவும் ராசம்மாவும் இன்னும் சிலரும் வந்தார்கள். அடுத்த ஈஸ்டருக்கு டோரீன் வந்து, இயந்திரத்தைத் திரும்ப எடுத்துப் போனாள். அப்போதும் அந்த வீட்டுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை.